முதலில் வேலி, பிறகு கோழி

கோழி, வாத்து வளர்க்க உள்கடன் கேட்கும் உறுப்பினர்கள் நம் குழுக்களில் அதிகம். நல்ல தொழில்தான். ஆனால் பலரும் முதலில் குஞ்சு வாங்கிவிட்டு, "வேலியை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே ராத்திரியில் கீரியோ நாயோ புகுந்தால் கோழி போய்விடும், கடன் மட்டும் நிற்கும். அதனால் இந்த மாதப் பாடம் வேலியைப் பற்றி.

கதிர்காமம் போன்ற நகரப் பகுதியில் வீடுகள் நெருக்கம். திறந்துவிட்ட கோழி பக்கத்து வீட்டுச் செடியைக் கிளறும், சண்டை வரும். வாத்து சாக்கடை வாய்க்காலைத் தேடிப் போகும். அங்கே நோய் ஒட்டிக்கொள்ளும். ஆக, வேலி பறவையைக் காப்பதோடு அக்கம்பக்க உறவையும் காக்கிறது.

எவ்வளவு இடம் வேண்டும்?

ஒரு பறவைக்கு 15 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கோழி, 4 வாத்துக்கு 18 அடி நீளம், 12 அடி அகலம் போதும். இடம் குறைவு என்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நெருக்கி அடைக்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டாமல் 3 அடியாவது தள்ளிக் கட்டுங்கள்.

வேலி கட்டும் முறை

1. சுற்றளவு 60 அடி. 6 அடிக்கு ஒன்றாக 10 சவுக்குக் கம்பு, கதவுக்காகக் கூடுதலாக ஒன்று. மண்ணுக்குள் ஒன்றரை அடி இறங்க வேண்டும். புதையும் பகுதிக்குத் தார் பூசினால் கரையான் அரிப்பது குறையும்.

2. கீழ்ப்பகுதிதான் முக்கியம். அரை அங்குலக் கண் உள்ள 3 அடி அகலக் கம்பி வலை வாங்குங்கள். 2 அடியைக் கம்போடு நிமிர்த்திக் கட்டி, மீதி 1 அடியை வெளிப்பக்கமாகத் தரையில் மடித்து, மேலே மண்ணும் செங்கல்லும் போடுங்கள். நாயும் பெருச்சாளியும் வேலி ஓரத்தில்தான் தோண்டும். தோண்டும் இடத்தில் கம்பி தட்டினால் விட்டுவிட்டுப் போய்விடும்.

3. அதற்கு மேல் 4 அடிக்கு ஓர் அங்குலக் கண் வலை போதும். பருந்து, காக்கை குஞ்சைத் தூக்காமல் இருக்க மேலே பழைய மீன் வலையை இழுத்துக் கட்டலாம். நம் கடற்கரைக் கிராமங்களில் கேட்டால் கிடைக்கும்.

4. கதவின் அடியில் சந்து விடாதீர்கள். ஒரு பலகையையோ கல்லையோ பதியுங்கள்.

வெளிப்புறம் கிளுவைப் போத்து நட்டுவிட்டால், கம்பு உளுத்துப்போகும் காலத்தில் அது உயிர்வேலியாக நிற்கும்.

ராத்திரிக் கூண்டு

கையில் பணம் குறைவா? முதலில் கூண்டை முழுசாகக் கட்டுங்கள். பெரும்பாலான இழப்பு இருட்டிய பிறகுதான். 8 அடிக்கு 4 அடி கூண்டை நடுவில் தடுத்து, 5 அடி கோழிக்கும் 3 அடி வாத்துக்கும் ஒதுக்குங்கள். கோழிக்கு உட்காரக் கொம்பு வேண்டும். வாத்து தரையில் படுக்கும்.

ஏன் தடுப்பு? வாத்து தண்ணீரைச் சிந்திக்கொண்டே இருக்கும். ஈரத்தில் கோழிக்கு ரத்தக்கழிச்சல் வரும். வாத்துக்குக் குளம் அவசியமில்லை. தலை மூழ்கும் ஆழத்தில் ஒரு தொட்டி போதும். அதைத் தாழ்வான மூலையில் வைத்து, கழிவு நீரை வாழைக்கு விடுங்கள்.

கூண்டின் தரையை மண் கொட்டி 1 அடி உயர்த்துங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது கொட்டிய மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வாத்து ஏறிப்போகச் சரிவாக வழி அமையுங்கள்.

வேலியால் வரும் மற்ற லாபம்

வாத்து பெரும்பாலும் விடிவதற்குள், அல்லது காலை 9 மணிக்குள் முட்டையிடும். அதுவரை அடைத்து வைத்தால் முட்டை வெளியே போகாது. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடும் நாளில் கோழியைத் துரத்த வேண்டியதில்லை. காட்டுப் பறவைகளோடு கலப்பதும் குறையும். பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதலில் 2006-ல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. 2014-ல் கேரளாவில் வாத்துகளைத் தாக்கியது. திடீரென்று பல பறவைகள் செத்தால் வெறும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கீரிக்கு விஷம் வைக்காதீர்கள். அது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வலையைச் சரிபார்த்தாலே போதும்.

சந்தேகம் இருந்தால் குருமாம்பேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையோ, ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியையோ நேரில் அணுகலாம்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

* போன வருஷம் நம் குழுவில் யார் யாருக்குக் கோழி போனது? பகலிலா, ராத்திரியிலா? எந்த வழியாக?
* கோழிக்கடன் கேட்பவரின் வேலியை, பணம் தருவதற்கு முன் இரண்டு உறுப்பினர்கள் நேரில் பார்க்கலாமா?
* கம்பி வலையை நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்? இரண்டு கடையில் விலை கேட்டு வந்து சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். வேலி நின்ற பிறகு குஞ்சு வாங்குங்கள்.