முஃப்லிஸ் விடுதலையும் கடன் ஏடும்

தாயகத்தில் "மஞ்சக் கடுதாசி கொடுத்துவிட்டான்" என்பார்கள், "ஐ.பி. கொடுத்தான்" என்போரும் உண்டு. இந்நாட்டில் அப்படிப்பட்டவரை முஃப்லிஸ் என்கிறோம். செப்புக்காசைக் குறிக்கும் "ஃபல்ஸ்" என்ற அரபிச் சொல்லின் வழி வந்த பெயர் இது. பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும் கடைத்தெருவில் எல்லோருக்கும் சொல் தெரியும். ஆனால் அந்நிலையிலிருந்து ஒருவர் எப்படி வெளிவருகிறார், வந்தபின் பேங்க் அவரை எப்படிப் பார்க்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆகவே சகோதரர்கள் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

1967-ஆம் ஆண்டின் திவால் சட்டம், 2017 அக்டோபர் 6 முதல் திருத்தங்களுடன் புதிய பெயர் பெற்று நடக்கிறது. முன்பு 30,000 வெள்ளிக் கடனுக்கே ஒருவரை முஃப்லிஸ் ஆக்கலாம். 2017-இல் அது 50,000 ஆயிற்று. 2021 செப்டம்பர் முதல் 100,000 வெள்ளி. ஊரில் பெரும்பாலும் கடனாளி தானே மனுக் கொடுப்பதாகப் பேச்சு. இங்கே பெரும்பாலும் கடன் கொடுத்தவரே கோர்ட்டுக்குப் போகிறார். உத்தரவு விழுந்ததும் சொத்துக்கள் திவால் இலாகாவின் தலைமை இயக்குநர் வசமாகின்றன. அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. அனுமதியின்றிக் கம்பெனி டைரக்டராக இருக்கவும் கூடாது. உம்ராவுக்குப் பணம் கட்டிவிட்டு விமான நிலையத்தில் திரும்பி வந்தால் யாரை நொந்து என்ன பயன்?

இனி விடுதலைக்கு வருவோம். கடன் முழுவதையும் அடைத்தவர், உத்தரவையே ரத்துச் செய்யும்படி கோர்ட்டைக் கேட்கலாம். அது ரத்து, விடுதலை வேறு. அடைக்க முடியாத மிச்சம் இருக்கும்போதே சட்டம் ஒருவரை அவிழ்த்து விடுவதுதான் விடுதலை. கோர்ட்டில் மனுச் செய்து பெறலாம். ஐந்து ஆண்டு கழிந்தபின் தலைமை இயக்குநர் தம் சான்றிதழாலும் விடுவிக்கலாம். கடும் நோயாளிகள், உடல் ஊனமுற்றோர் ஆகியோருக்கு 2017-இலும், சம்பாதிக்க இயலாத 70 வயதினருக்கு 2023-இலும் சலுகை வந்தது.

2017-இல் வந்த இன்னொரு வழி, மூன்று ஆண்டில் தானாகக் கிடைக்கும் விடுதலை. இதைத்தான் நம்மவர் பலர் தவறாக விளங்கியிருக்கிறார்கள். "உத்தரவு விழுந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, நான் விடுதலை" என்று சொல்லிக் கொள்கிறார்கள். அப்படியல்ல. சொத்து இவ்வளவு, கடன் இவ்வளவு, வருமானம் இவ்வளவு என்று கடனாளி தம் நிலைமைக் கணக்கை எழுதி இலாகாவில் ஒப்படைக்கிறாரே, அந்த நாளிலிருந்துதான் மூன்று ஆண்டு ஓடத் தொடங்குகிறது. நிர்ணயித்த தொகையைக் கட்டி, வரவு செலவுக் கணக்கையும் காட்டி வரவேண்டும். வெட்கத்தாலோ பயத்தாலோ வீடு மாறி, கடிதத்தைப் பிரிக்காமல், பத்து வருஷம் ஒளிந்து திரிந்தவருக்கு அதில் ஒரு நாள்கூடக் கணக்கில் ஏறாது. உடனே போய்க் கணக்கைக் கொடுத்தவரோ கடைசிப் பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்குமுன் வெளியே வந்திருப்பார். இலாகாவின் படி ஏறுவதற்கு ஏன் இத்தனை தயக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. அங்கே நம்மைச் சிறையில் போடக் காத்திருப்பார் யாருமில்லை.

விடுதலை எல்லாக் கடனையும் அழித்துவிடாது. சர்க்காருக்கு உள்ள பாக்கியும், மோசடியால் வந்த கடனும் அப்படியே நிற்கும். கூட்டாளியும் ஜாமீன் நின்றவரும் அதனால் விடுபட மாட்டார்கள். படிப்புக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ, சொந்த உபயோகத்துக்கான வாகனத்துக்கோ லாபம் கருதாமல் ஜாமீன் போட்டவரை முஃப்லிஸ் ஆக்க முடியாது என்று 2017 திருத்தம் சொல்கிறது. மைத்துனரின் வியாபார லாரிக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்தக் காப்பு இல்லை.

அடுத்தது கடன் ஏடு. அந்தக் காலத்தில் லெபோ அம்பாங் செட்டியார் கிட்டங்கியின் பேரேட்டிலும் மொத்த வியாபாரியின் மனத்திலும் நம் நாணயம் எழுதப்பட்டிருந்தது. இன்று அது இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, பேங்க் நெகாரா 2001 முதல் நடத்தும் சிசிரிஸ். அதில் நிலுவைக் கடனும், கடைசி 12 மாதத் தவணை ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதும் தெரியும். மற்றொன்று சிடோஸ் முதலிய தனியார் ஸ்தாபனங்கள். இவை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவை. கோர்ட்டு வழக்குகளும் முஃப்லிஸ் விவரமும் இவற்றின் அறிக்கையில் வரும். விடுதலை கிடைத்த மறுநாளே இந்த ஏடுகள் வெள்ளைத் தாளாகிவிடும் என்று எண்ணுவது தவறு. சட்டத்தில் கடன் தீர்ந்தது வேறு, பேங்க் நம்பிக் கொடுப்பது வேறு. கடன் தருவதும் மறுப்பதும் பேங்கின் இஷ்டம். ஏடு விவரத்தைச் சொல்லுமே தவிரத் தீர்ப்புச் சொல்லாது.

ஆகையால் விடுதலைப் பத்திரம் கைக்கு வந்ததும் நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். இன்னும் முஃப்லிஸ் என்றே இருந்தால் நகலுடன் எழுதித் திருத்தக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பிறகு சிறிய தவணை ஒன்றை நாள் தவறாமல் கட்டி வந்தால் அந்த 12 மாதக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நல்லபடி நிரம்பும்.

மார்க்கத்தைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஃபிக்ஹு நூல்களில் முஃப்லிஸுக்கு அவகாசம் உண்டு. கடன் கொடுத்தவர் மன்னிக்காதவரை மிச்சக் கடன் பொறுப்பிலேயே நிற்கும். கோர்ட்டு விடுவித்தாலும், பின்னர் வசதி வந்தால் கொடுத்தவரைத் தேடிப்போய் ஒன்று கொடுப்பது, அல்லது ஹலால் சொல்லச் சொல்வது என்பதே ஆலிம்களிடம் நான் கேட்டு அறிந்தது.

இன்னும் உத்தரவு விழாமல் தத்தளிப்பவர்கள், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏ.கே.பி.கே.க்குப் போகலாம். பேங்க் கடன்களின் தவணைகளைத் திருத்தியமைக்க பேங்குகளோடு பேசித் தருவார்கள், கட்டணம் இல்லை. வட்டிக்கடைக் கடன் அதில் சேராது. முஃப்லிஸ் உத்தரவு வந்துவிட்டால் அந்தத் திட்டத்திலும் சேர முடியாது. கடிதம் வந்த வாரத்திலேயே போங்கள்.