சக்தி சிகிச்சை: துணையா, மாற்றா?

நம் குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றதும் பல யோசனைகள் வந்து சேரும். அவற்றுள் ஒன்று, கைகளை உடலின் மேல் வைத்தோ சற்று மேலே பிடித்தோ செய்யும் சக்தி சிகிச்சை. ஜப்பானில் மிக்காவோ உசுயி 1922இல் தொடங்கிய ரெய்கி இவ்வகையைச் சேர்ந்தது. அமெரிக்கத் தாதி டொலோரஸ் கிரீகரும் டோரா குன்ஸும் 1972இல் வகுத்த தெரப்பியூட்டிக் ரச் மற்றொன்று.

இவற்றால் மன அமைதி கிடைப்பதாக நோயாளர் சிலர் சொல்கிறார்கள். அந்த ஆறுதலை நாம் குறைத்து மதிக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவில் 1992இல் ஆரம்பமான வெல்ஸ்பிறிங் நிலையம் இத்தகைய ஆதரவை இலவசமாகவே வழங்கி வந்துள்ளது.

ஆனால் இவை கட்டியைக் கரைக்கும் என்பதற்குச் சான்றில்லை. 1998இல் வெளியான சோதனையில், திரைக்கு அப்பால் ஒரு சிறுமி தங்கள் எந்தக் கையின் மேல் தன் கையை நீட்டினாள் என்று 21 தெரப்பியூட்டிக் ரச் சிகிச்சையாளர் சொல்ல முயன்றனர். சரியானவை 44 வீதமே. ஊகித்தாலே பாதி சரியாகும். குணமாக்கக்கூடிய புற்றுநோய்க்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியோருக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று.

நோயாளிக்குத் திருநீறு பூசும் நாம் மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. இதற்கும் அதே முறைதான். வைத்தியரிடம் சொல்லிவிட்டுச் செய்வோம். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து விலகுவோம்.