சொந்த வீட்டுக்குச் சொந்த உழைப்பு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் உங்கள் பெயருக்கு வீடு ஒதுக்கியாகிவிட்டதா? சமவெளிப் பகுதிக்குத் திட்டத்தொகை 1.20 லட்சம் ரூபாய். தமிழக அரசு மேற்கொண்டு சேர்த்துத் தருகிறது. அப்படியும் விழும் துண்டை உங்கள் குடும்பத்தின் உழைப்புதான் அடைக்க வேண்டும். அந்த உழைப்பை எங்கே போடுவது என்று தெரியாமல் கடனாளியானவர்கள் உண்டு, காலை ஒடித்துக்கொண்டவர்களும் உண்டு. கடப்பாரையை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

செய்யுங்கள்

• உங்கள் உழைப்புக்குக் கூலி கேளுங்கள். 2016இல் வந்த திட்ட விதிகளே, நூறு நாள் வேலையில் 90 நாள் கூலியைச் சமவெளிப் பகுதிப் பயனாளிக்கு ஒதுக்கின. இப்போது உங்கள் ஒன்றியத்தில் எப்படிப் பதிகிறார்கள் என்று இன்றே பி.டி.ஓ. அலுவலகத்தில் விசாரியுங்கள். பதியாமல் விட்ட நாளுக்குக் கூலி வாங்குவது பெரும்பாடு.

• ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஓவர்சியரை வரவழையுங்கள். இடத்தோடு சேர்த்துப் பதிவாகும் போட்டோ ஏறினால்தான் அடுத்த தவணை கணக்குக்கு வரும்.

• வானம் தோண்டுவது, மண் சுமப்பது, செங்கல் நனைப்பது ஆகியவற்றை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் கூலி மிச்சம்.

• தோண்டிய மண்ணைக் குழியை விட்டு ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள். ஓரத்தில் பாரம் ஏறினால் கரை சரியும், உள்ளே நிற்பவர் வெளியே வர நேரம் இருக்காது.

• சிமெண்ட் மூட்டைகளைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் அடுக்குங்கள். கட்டிதட்டியதை உடைத்துக் கலந்தாலும் பிடிப்பு வராது.

• கான்கிரீட்டுக்கு விடாமல் தண்ணீர் விடுங்கள். வீட்டு ஆட்கள் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை எதுவும் இல்லை. கொத்தனார் மாலையில் கிளம்பிவிடுவார், காலையிலும் இரவிலும் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். ஐ.எஸ். 456 தரவிதி சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் ஈரம் கேட்கிறது. கடும் வெயில் காலத்துக்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கும் குறைந்தது 10 நாள். கூரை மேல் கலவையால் பாத்தி கட்டித் தண்ணீரைத் தேக்குங்கள். தூணுக்குச் சாக்கைச் சுற்றி நனைத்துவிடுங்கள். எந்த வேளை யார் என்று வீட்டுக்குள் முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வேளைகூடக் காயக்கூடாது.

• கையுறையும் காலை மூடும் ஷூவும் போடுங்கள். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

செய்யாதீர்கள்

• வீட்டை மொத்தமாகக் காண்டிராக்டரிடம் விடாதீர்கள். திட்ட விதியே அதைத் தடுக்கிறது. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுத்தாள் எதையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். கொத்தனாருக்கும் முடித்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள்.

• "இன்னொரு ரூம் சேர்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும் அஸ்திவாரத்தை அகட்டாதீர்கள். சமையலிடத்தோடு 25 சதுர மீட்டர் இருந்தால் மத்திய விதிக்குப் போதும். ஆசைப்பட்டு அகட்டிய எத்தனையோ வீடுகள் லின்டல் மட்டத்தில் நின்றுபோய், வட்டிக்கு வாங்க வைத்திருக்கின்றன.

• கலவை இளகட்டும் என்று தண்ணீரைக் கூட்டாதீர்கள். போடுவது சுலபம்தான், ஆனால் காய்ந்தபின் பலம் இருக்காது.

• சென்டரிங், கம்பி கட்டுதல், வயரிங் மூன்றையும் நீங்களே செய்து பார்க்காதீர்கள். இங்கே கூலியை மிச்சம் பிடிக்க நினைத்தால் உயிருக்கே ஆபத்து.

• சென்டரிங் வாடகை ஏறுகிறதே என்று முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்காதீர்கள். எந்தச் சிமெண்ட், எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்து நாள் மாறும். ஓவர்சியர் சரி என்று சொல்லும்வரை ஒரு முட்டைக்கூடத் தொடாதீர்கள்.

• மின்கம்பி போகும் இடத்தில் இரும்புக் கம்பியையோ ஏணியையோ நிமிர்த்தித் தூக்காதீர்கள். தொடாமலே, நெருங்கினாலே ஷாக் அடிக்கும் லைன்கள் இருக்கின்றன.

• பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்துக்குள் விடாதீர்கள். ஆணி குத்தும், செங்கல் விழும். கான்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் நிரப்பிய தொட்டியைத் திறந்து போடாதீர்கள், இரவில் பலகை போட்டு மூடிக் கல் வையுங்கள்.