விமான விபத்துத் தொடர்களும் நம் பிள்ளைகளும்

 

அத்தா துபாயிலோ ஷார்ஜாவிலோ இருக்கிறார். அம்மா பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு வர இரவு ஒன்பதாகிறது. பள்ளிக்கூடமும் மக்தபும் முடிந்து வந்த பிள்ளையிடம் செல்போன் இருக்கிறது. நம் பகுதியில் பல வீடுகளின் நிலை இதுதான். அந்தப் போனில் சிறுவர்கள் விரும்பிப் பார்ப்பவற்றில் ஒன்று விமான விபத்து பற்றிய ஆவணத் தொடர்கள். கனடாவில் 2003இல் தொடங்கிய 'ஏர் கிராஷ் இன்வெஸ்டிகேஷன்' அவற்றில் பெயர் பெற்றது. ஆபாசம் இல்லை, அறிவுக்குரியதுதானே என்று நாமும் விட்டுவிடுகிறோம்.

அறிவுக்குரியதுதான். ஆனால் அந்த அறிவு பின்பாதியில் இருக்கிறது. முன்பாதியில் விமானம் விழுகிறது, நடிகர்கள் அலறுகிறார்கள். பின்பாதியில்தான் ஏன் விழுந்தது, இனி விழாமலிருக்க என்ன மாற்றினார்கள் என்று வருகிறது. போனில் ஓடும் துண்டு வீடியோக்களிலோ பெரும்பாலும் விழுவது மட்டுமே இருக்கிறது.

கல்வி உதவி மனுவோடு டிரஸ்டுக்கு வந்த ஒரு தாய் சொன்னார். லீவில் அத்தா வருகிறார் என்றதும் நாலாம் வகுப்பு மகன், "பிளேன்ல வர வேண்டாம்னு சொல்லும்மா" என்று அழுகிறானாம். "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பேசாமப் படு" என்று அதட்டியிருக்கிறார்கள். முதல் பாதி நம் ஈமான். "பேசாமப் படு" என்பதுதான் தவறு. பிள்ளை தக்தீரை மறுக்கவில்லை, காரணம் கேட்கிறது.

காரணத்தை எப்படிச் சொல்வது? அந்தத் தொடரிலேயே வந்த நம் நாட்டு விபத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1996 நவம்பர் 12. டெல்லியிலிருந்து சவூதியின் தஹ்ரானுக்குப் புறப்பட்ட விமானமும், டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே வானில் மோதின. இரண்டிலும் இருந்த 349 பேரும் மவுத்தானார்கள். பிழைப்புக்காக அரபு நாடு போனவர்கள் அவர்களில் பலர். சவூதி விமானத்துக்குத் தந்த உயரம் 14,000 அடி, எதிரே வந்ததற்கு 15,000 அடி. வந்த விமானம் தன் உயரத்தை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. அதன் குழுவினருக்கு ஆங்கிலம் சரியாகப் பிடிபடாததும் விசாரணையில் பேசப்பட்டது. டெல்லியில் வருவதற்கும் போவதற்கும் அன்று ஒரே வான்வழி.

பிறகு வழிகள் பிரிக்கப்பட்டன. எதிரே விமானம் நெருங்கினால் தானாகவே எச்சரிக்கும் 'டிகாஸ்' கருவி இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்குக் கட்டாயமானது. அத்தா ஏறுகிற விமானத்தில் அந்தக் கருவி இருக்கிறது. அந்தப் பையன் கேட்க வேண்டிய வாக்கியம் இதுதான்.

நம் ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்குவது எளிது. ஏற்றுமதி கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன செய்கிறோம்? எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, பதிவேட்டில் ஒட்டிய பிறகுதான் டெய்லருக்குப் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிகளை முழுக்கச் சோதிக்கிறார்கள். எங்கோ ஒரு குழந்தையின் சட்டையில் அது இருந்துவிடக்கூடாது என்பதற்காக. விமான விசாரணையும் அப்படித்தான். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் 'கருப்புப் பெட்டி'யைத் தேடுவது அதற்காகவே. (நிறத்தைச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள், சொல்லிப் பாருங்கள்.) யாரைத் தண்டிக்கலாம் என்பதல்ல, மறுபடி நடக்காமல் தடுப்பதே இந்த விசாரணையின் நோக்கம் என்பது சர்வதேச விதி.

பத்து வயதுக்குக் கீழே இத்தொடர்கள் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே காட்சியைப் பத்து முறை பார்த்தால், பத்து விமானம் விழுந்ததாகவே சின்னப் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து கடைசி வரை பார்க்கட்டும். பாதியில் நிறுத்தித் தூங்கப் போவதைவிட, பார்க்காமலே இருப்பது நல்லது.

கோழிக்கோடு விபத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து 190 பேரோடு வந்த விமானம் மழையில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் மவுத்தானார்கள். கொரோனா காலம். தொற்றுக்குப் பயப்படாமல் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து பயணிகளை வெளியே தூக்கினார்கள். அன்றிரவே ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பிள்ளையின் போனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்கள் போனபோது, எரியும் காட்சிகளையும் விமானியைப் பற்றிய ஊகங்களையும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்தவர்கள் பெரியவர்கள். நாட்டில் 2022இல் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். ஹெல்மெட் இல்லாமல், முன்னால் ஒரு பிள்ளை பின்னால் ஒரு பிள்ளை என்று ஏற்றிப் போகும் நமக்கான கணக்கு அது. அழுகிற பிள்ளையிடம் அதைச் சொல்ல வேண்டாம்.

அத்தா புறப்படும் நாளில், விமானம் போகும் வழியைக் காட்டும் 'ஃபிளைட்ரேடார்24' செயலியைப் பிள்ளையோடு திறந்து வையுங்கள். பயண துஆவைச் சேர்ந்தே ஓதுங்கள். கடலுக்கு மேலே அந்தச் சின்ன மஞ்சள் விமானம் நகர்வதைப் பார்க்கட்டும். கோவையில் இறங்கியதும் அத்தாவின் முதல் போனை அந்தப் பிள்ளையே எடுக்கட்டும்.