கால் பிசகினால் தைலத்தைத் தேடாதீர்கள்

பேருந்தின் கடைசிப் படியில் பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. வீடு வந்து சேர்வதற்குள் கணுக்காலின் வெளிப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருக்கிறது. எலும்போடு எலும்பைப் பிணைக்கிற ஜவ்வு இழுபட்டிருக்கும், அல்லது கொஞ்சம் கிழிந்திருக்கும். சுளுக்கு என்பது இதுதான். உடனே வீட்டில் யாராவது தைலத்தோடு வருவார்கள். கிழிந்த இடத்தை அழுத்தி நீவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும், வீக்கமும் ஏறும். எவ்வளவு பிரியமானவராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள். வெந்நீர் ஒத்தடமும் முதல் மூன்று நாள் கூடாது.

முதல் வேலை, எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்ப்பது. நொண்டியாவது நாலடி வைக்க முடிகிறதா? கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியையும் பின்விளிம்பையும் விரலால் அழுத்துங்கள். அடுத்து, சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளிவிளிம்பைத் தடவிக்கொண்டே பின்னால் வந்தால் பாதி வழியில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அதையும், உள்பக்க வளைவின் உச்சியிலுள்ள எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே வலித்தாலோ, நாலடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். 1992இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த சோதனை இது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இதை நம்பக் கூடாது; நேரே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

முறிவு இல்லையென்றால், வலி தாங்காதபோது ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். அது வலியை மரக்கச் செய்யும், அவ்வளவுதான். 1978இல் ஓய்வும் ஐஸும் என்ற சூத்திரத்தைப் பிரபலமாக்கிய மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியில் தொடங்கி, கணுக்காலில் 8 போல் குறுக்காகப் போட்டு, மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ அவிழ்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். படுக்கும்போது காலுக்கடியில் இரண்டு தலையணை இருக்கட்டும்.

இரண்டு மூன்று நாளில் காலை அசைக்கத் தொடங்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலால் காற்றில் அ முதல் ஔ வரை எழுதுங்கள். எல்லாத் திசையிலும் கணுக்கால் திரும்ப ‘ஔ’வை விட நல்ல எழுத்து கிடைக்காது! நடக்கும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால் நடையைப் பாதியாகக் குறையுங்கள்.

வலி போனதும் பெரும்பாலோர் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். பிறகு அதே கால் மறுபடி மடங்கும். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்புகளும் ஜவ்வோடு அடிபட்டிருக்கும். அவற்றைப் பழக்க வேண்டும். பல் தேய்க்கும்போது சுவர் பக்கமாக, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். முதல் நாள் இரண்டு விநாடி தாங்குவதே பெரிது. லேசான சுளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். ஜவ்வு நன்றாகக் கிழிந்திருந்தால் மாதக்கணக்காகும். நல்ல காலில் பாண்டி ஆடுவது போலவே அடிபட்ட காலிலும் பத்து முறை குதிக்க முடிந்தால், அன்றைக்கு ஷட்டில் மட்டையை எடுக்கலாம்.