பளபளப்பின் பின்னே
(பத்தாம் வகுப்பு மாணவி)

காரைக்காலின் உப்புக் காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆயினும் என் மிதிவண்டியின் கைப்பிடி இன்னும் பளபளக்கிறது. காரணம் அதன் மேலுள்ள மின்முலாம். அத்தகைய முலாம் பட்டறை ஒன்றில்தான் என் மாமா வேலை செய்கிறார். சென்ற பொங்கலுக்கு வந்தபோது அவர் விரல்களில் சிறு சிறு குழிப்புண்களைக் கண்டேன். "தொட்டி வேலைம்மா, பழகிப்போச்சு" என்றார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றைத் தோழியருக்குக் கூறுகிறேன்.

செம்பு முலாம் பூசும்போது நேர்மின்வாயிலுள்ள செம்பே கரைந்து பொருளின் மீது படிகிறது. குரோமிய முலாம் அப்படியன்று. இங்கே நேர்மின்வாய் ஈயம். அது கரைந்து முலாமாவதில்லை. குரோமியம் முழுவதும் தொட்டியிலுள்ள குரோமிக் அமிலத்திலிருந்தே வருகிறது. அலங்கார குரோமியப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இராது. துருவைத் தடுப்பது பெரும்பாலும் அதன் அடியிலுள்ள நிக்கல் படலமே. அந்த நிக்கல் மங்காமல் காப்பது குரோமியம்.

குரோமிக் அமிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு நல்ல முலாம் பெற முடியாது. குழம்புக்கு உப்புப் போல, சிறிது கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலத்துக்கு 2.5 கிராம், அதாவது 100க்கு 1 என்பது வழக்கமான அளவு. கூடினாலும் குறைந்தாலும் முலாம் கெடும்.

செலுத்தும் மின்சாரத்தின் பெரும்பகுதி ஹைட்ரஜன் குமிழிகளை உண்டாக்குவதிலேயே செலவாகிறது. குமிழிகள் வெடிக்கும்போது அமிலம் பனிபோல் எழும்புகிறது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் தோலைப் புண்ணாக்கும், மூக்கின் நடுச்சுவரைத் துளைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

திரவத்தின் பரப்பு இழுவிசையைக் குறைத்தால் குமிழிகள் மெல்ல உடையும். "சோப்புப் போட்டால் போதாதா, டீச்சர்?" என்று கேட்டேன். குரோமிக் அமிலம் சோப்பையே சிதைத்துவிடும் என்றார். ஃபுளோரின் சேர்ந்த சில பொருள்கள் அதைத் தாங்கும். ஆனால் அவற்றுள் பி.எஃப்.ஓ.எஸ். என்பது இயற்கையில் சிதையாமல் உயிர்களின் உடலில் சேர்வதால், 2009இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஒரு தீமைக்கு மருந்தே இன்னொரு தீமையாயிற்று!

மூன்று இணைதிறன் குரோமியத் தொட்டி இதைவிட நல்ல வழி. இதன் நச்சுத்தன்மை மிகக் குறைவு. இதில் குரோமிய அயனியை நீர் மூலக்கூறுகள் இறுகப் பற்றியிருக்கும். ஃபார்மேட் போன்ற பொருள்களைச் சேர்த்தால் அப்பிடி தளரும். மின்முலாம் பற்றி ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1953இல் அது திறக்கப்பட்டது.

தொட்டிக் கழிவும் ஆபத்தானதே. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்ததை நாம் மறக்கலாகாது.

இவற்றையெல்லாம் எழுதி மாமாவுக்குக் கடிதம் போட்டேன். பட்டறையில் கையுறை உண்டென்றும், பொருள் வழுக்குவதால் போடுவதில்லை என்றும் பதில் வந்தது. "இனிமேல் போடுகிறேன், டாக்டரையும் பார்க்கிறேன்" என்று முடித்திருந்தார். தோழியரே, பளபளக்கும் பொருளைக் காணும்போது அதைத் தொட்டியிலிருந்து எடுத்த கைகளையும் நினைப்போமாக!