அளந்தால்தான் தெரியும்

மெலிந்த குழந்தையைக் கண்டவுடன் பெற்றோர் கவலை கொள்வர். வயதிற்கேற்ற உயரம் இல்லாத குழந்தையையோ, ‘எங்கள் குடும்பமே குள்ளம்’ என்று கூறி விட்டுவிடுவர். தெருவிலுள்ள பிள்ளைகள் பலரும் அவ்வாறே இருப்பின், குறை கண்ணுக்கே புலப்படாது.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 35க்கும் மேற்பட்டோர் வளர்ச்சி குன்றியவர்கள். கருவில் தொடங்கி இரண்டு வயது நிறையும் வரையுள்ள ஏறத்தாழ 1000 நாள்களே இதில் முதன்மையானவை. சத்துணவுக் குறைவோடு தூய்மையற்ற குடிநீரும் காரணமாகும். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் உண்ட உணவு உடலில் ஒட்டாது.

தமிழ்நாட்டைப் போலவே அந்தமானிலும் அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அங்கே எடையோடு உயரமும் அளக்கப்படும். இரண்டு வயது நிரம்பாத குழந்தையைப் படுக்கவைத்தே அளப்பர்.

வினா: உயரக் குறைவு கண்ணுக்குப் புலப்படாமற்போவது ஏன்?